விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளை: வெளிநாட்டில் படிக்கும் எல்ஜிபிடி மாணவர்களுக்கு நாம் செய்ய வேண்டியவை

பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறது என்றால் மலேசியாவில் நம் வீடுகளில் என்னென்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ரைஸ் குக்கர், மசாலாத் தூள் பொட்டலங்கள், குளிர் ஜாக்கெட், கோயிலில் ஓர் அர்ச்சனை, மாமா கையில் திணிக்கும் பவுண்டு நோட்டு. தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைக்கும், திருநங்கை, திருநம்பி பிள்ளைக்கும் இதற்கு மேல் இன்னொரு பட்டியல் தேவைப்படுகிறது. அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளையும் வாய்விட்டுக் கேட்காது.

இதை அந்த மாணவருக்காக மட்டும் எழுதவில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் எப்படியும் பக்கத்தில் இருப்பார்: அக்கா, சின்னம்மா, பள்ளித் தோழி, கல்லூரி ஆலோசகர். உதவ வேண்டும் என்று அவருக்கு மனம் இருக்கும், எங்கே கை வைப்பது என்று தெரியாது. அவருக்காகவும்தான் இது.

ஆபத்து அந்நிய ஊரில் காத்திருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும்வரை பெரும்பாலும் காரியம் ஓடிவிடும். சிக்கல் வெடிப்பது பிள்ளை விடுமுறைக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு. அங்கே உண்டான கடிதம், படம், ரசீது, மருந்துப் பெட்டி எல்லாம் இங்கே வீட்டு மேசையில் வந்து விழும்போது. ஆகவே உதவி என்று நான் சொல்வதில் முக்கால்வாசி இதுதான்: எந்தத் தகவல் யார் கைக்குப் போகலாம் என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கும்படி வழி செய்து கொடுப்பது.

சட்டம் என்ன சொல்கிறது

பாதிப் பேர் சட்டத்தைப் பெரிதாக்கிப் பயமுறுத்துகிறார்கள், மீதிப் பேர் “அதெல்லாம் சும்மா” என்கிறார்கள். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகளின்கீழ் ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ‘ஆபாசச் செயலுக்கு’ 377டி பிரிவின்கீழ் 2 ஆண்டு வரை சிறை. இவை எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். ஒருவர் தன்பாலீர்ப்பு உடையவராக இருப்பதே குற்றம் என்று இந்தப் பிரிவுகளில் எழுதியில்லை. செயலைத்தான் அவை பேசுகின்றன. முஸ்லிம்களுக்கு இதற்கு மேல் ஷரியா சட்டங்கள் இருக்கின்றன. கூட்டரசுப் பிரதேசத்தில் (கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான்) தன்பாலின உடலுறவுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி. பினாங்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு சட்டமும் சேர்ந்து பொருந்தும் என்பதை ஆலோசனை சொல்கிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லக்கூடாது.

இன்னொன்று, பொருள்கள். 2023 மே மாதம் வானவில் நிற ஸ்வாட்ச் கைக்கடிகாரங்கள் கடைகளில் பறிமுதலாயின. ஆகஸ்டில் அவற்றுக்குத் தடையே வந்தது, வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை என்ற எச்சரிக்கையோடு. பறிமுதலான 172 கடிகாரங்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. நிறுவனம் வழக்காடி வென்றது சரி, மாணவர் ஒருவர் வழக்காட முடியுமா? கழுத்துப் பட்டை, ஒட்டுவில்லை ஒட்டிய மடிக்கணினி, மாணவர் சங்கச் சட்டை எல்லாம் அங்கேயே நண்பர் அறையில் இருக்கட்டும்.

எந்த நாடு

மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் ரஷ்யாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நிறையப் போகிறார்கள். கட்டணம் குறைவு என்பதுதான் காரணம். ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் “அனைத்துலக எல்ஜிபிடி இயக்கம்” என்பதையே தீவிரவாதம் என்று அறிவித்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பால்மாற்று சிகிச்சைக்கும், ஆவணத்தில் பாலினத்தை மாற்றுவதற்கும் தடை வந்தது. இப்படிப்பட்ட கருத்தைப் பரப்பியதாகச் சொல்லி வெளிநாட்டவரை நாடு கடத்தவும் அங்கே சட்டம் இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுப் படிப்பின் நடுவில் நாடு கடத்தப்பட்டால், கட்டிய பணம் போய்விடும். மதிப்பெண்ணை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றுவதும் பெரும்பாடு. திருநம்பி, திருநங்கை மாணவருக்கு ரஷ்யா வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. இதில் நான் இரண்டு பக்கமும் பேசப்போவதில்லை.

இந்தோனேசியக் கதை வேறு மாதிரி. 2022 டிசம்பரில் நிறைவேறிய புதிய குற்றவியல் சட்டம் 2026 ஜனவரி 2 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. திருமணத்துக்கு வெளியே உடலுறவு கொண்டால் 1 ஆண்டு வரை, சேர்ந்து வாழ்ந்தால் 6 மாதம் வரை சிறை. ஆனால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்க முடியாது. துணைவர், பெற்றோர், பிள்ளைகள் மட்டுமே கொடுக்கலாம். மணமாகாத மாணவருக்கு எதிராகப் புகார் கொடுக்கும் உரிமை நடைமுறையில் அப்பா அம்மா கையில்தான். அச்சே மாநிலம் தனி, அங்கே ஷரியா சட்டப்படி பொது இடத்தில் பிரம்படி நடக்கிறது.

சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2023 ஜனவரியில் நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி 377இலிருந்து தன்பாலீர்ப்பாளரை விடுவித்தது. திருமண உரிமையை 2023 அக்டோபரில் மறுத்தது. ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரிலிருந்து திருமணம் செல்லும்.

பினாங்குக்கே உரிய ஓர் ஏற்பாடும் உண்டு. ஜார்ஜ் டவுனில் உள்ள அயர்லாந்து மருத்துவக் கல்லூரிக் கிளையில் சேர்கிறவர்கள் முதல் இரண்டரை ஆண்டை டப்ளினில் படித்துவிட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்குப் பினாங்கு திரும்புகிறார்கள். அயர்லாந்து 2015 மே மாதப் பொது வாக்கெடுப்பில் தன்பாலினத் திருமணத்தை ஏற்ற நாடு. சொந்த உறுதிமொழியின் பேரிலேயே பாலினத்தை மாற்றிக்கொள்ளும் சட்டமும் அதே ஆண்டு வந்தது. இருபது வயதில் அந்தச் சூழலில் மூச்சுவிட்டுப் பழகிய பிள்ளை, படிப்பு முடியாமலே இங்கே வந்துவிடுகிறது. கூடப் படித்தவர்களும் அதே விமானத்தில் வருகிறார்கள். டப்ளினில் யாரிடமெல்லாம் சொன்னோமோ அவர்கள் எல்லாரும் இனி பினாங்கு வார்டில் சக மாணவர்கள், அவர்களில் பலருடைய அம்மாக்களுக்கு நம் அம்மாவைத் தெரியும். இந்தப் படிப்பில் சேர்கிறவர் முதல் நாளிலிருந்தே வகுப்பு நண்பர் வட்டத்தையும் வெளி நண்பர் வட்டத்தையும் பிரித்து வைப்பது நல்லது. கசப்பான யோசனைதான்.

பெயர்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் அடையாள அட்டையில் பாலினம் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, எண்ணின் கடைசி இலக்கம்: ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இன்னொன்று பெயருக்கு நடுவில் நிற்கும் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்). மலாய்க்காரர்களுக்கு ‘பின்’, ‘பிந்தி’ இருப்பதுபோல நமக்கு இது. வெளிநாட்டுக்காரருக்கு இந்த இரண்டெழுத்து என்னவென்றே தெரியாது. கணினியில் சாய்கோடு ஏறாது. ஆகவே “தினேஷ் ஏ/எல் முருகன்” பதிவேட்டில் “தினேஷ் ஏஎல் முருகன்” என்றோ, “ஏஎல் முருகன்” குடும்பப் பெயராகவோ போய் உட்கார்ந்துவிடும். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அதே வகுப்பில் இன்னொரு மலேசியர் இருந்தால் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். திருநம்பி, திருநங்கை மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் “அழைக்கும் பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதுவதற்குச் சட்டப்படி பெயர் மாற்றியிருக்க வேண்டியதில்லை. அதை எப்போது நிரப்புகிறோம் என்பதுதான் முக்கியம். மின்னஞ்சல் முகவரி, மாணவர் அட்டை, வகுப்புப் பட்டியல் எல்லாம் சேர்க்கை உறுதியானதும் தானாக உருவாகிவிடும். அதற்கு முன்பே மாற்றினால் ஒரே படிவத்தில் வேலை முடியும். பிறகு மாற்றப் போனால் பதிவாளர் அலுவலகம், கணினிப் பிரிவு, நூலகம், விடுதி, மாணவர் சங்கம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். “பழைய பெயர் இன்னும் எங்கெங்கே தெரியும்?” என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தேர்வு அறை இருக்கைப் பட்டியலும் குழு வேலைக்கான கணினிப் பக்கமும்தான் வழக்கமாகக் காட்டிக்கொடுக்கும்.

விசா, சேர்க்கை உறுதிக் கடிதம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்புறுதி ஆகிய நான்கும் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். இதில் விளையாடக்கூடாது. பட்டச் சான்றிதழும் அப்படித்தான். சில பல்கலைக்கழகங்கள் அழைக்கும் பெயரிலேயே பட்டம் அச்சடித்துத் தர முன்வரும், ஆசையாகவும் இருக்கும். ஊர் திரும்பி மருத்துவ மன்றத்திலோ வழக்கறிஞர் பதிவிலோ வேலை கேட்கும் இடத்திலோ அடையாள அட்டையையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பெயர் பொருந்தாவிட்டால் சத்தியப் பிரமாணம், விளக்கக் கடிதம், ஏன் இப்படி என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே தன்னை வெளிப்படுத்திக்கொள்வதுதான்.

பட்டமளிப்பு நாள் தனி. அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் டிக்கெட் எடுத்து வருவார்கள். வர முடியாதவர்கள் செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் நேரலையில் பார்ப்பார்கள். மேடையில் எந்தப் பெயரை வாசிப்பார்கள், விழாக் கையேட்டில் எது அச்சாகும் என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் கடப்பிதழ்ப் பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். கையேடு அச்சுக்குப் போன பிறகு கேட்டால் முடியாது.

படிவம், முகவர், அவசரத் தொடர்பு

இங்கே கல்வி முகவர் மூலம் விண்ணப்பிப்பது வழக்கம். முகவர் வேலையைச் சுலபமாக்க, தன் மின்னஞ்சலையோ அப்பாவின் மின்னஞ்சலையோ மாணவரின் முகவரியாகப் போட்டுவிடுவார். இதுதான் பல சங்கடங்களுக்கு வேர். விடுதியில் பாலினம் பிரிக்காத தளத்தைக் கேட்டால் அதன் உறுதிக் கடிதம் அப்பாவுக்குப் போகும். அழைக்கும் பெயரை மாற்றினால் “உங்கள் பெயர் மாற்றப்பட்டது” என்ற அறிவிப்பும் அங்கேயே போகும். ஆகவே முதல் வேலை, சேர்க்கைக் கணக்கில் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் சொந்தமானதாக மாற்றுவது, அதுவும் விடுதிப் படிவம் நிரப்புவதற்கு முன்பு. சில விண்ணப்பப் படிவங்களில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய கேள்விகள் வரலாம். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பும் முகவர் அந்தப் பதிலைப் பார்ப்பார். “சொல்ல விரும்பவில்லை” என்று போட்டுவிட்டுப் போகலாம். அதனால் எந்த நட்டமும் இல்லை.

18 வயது தாண்டிய மாணவரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் பெற்றோருக்குத் தரக்கூடாது என்பதே பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழகங்களின் வழக்கம். பணம் கட்டுகிறவர் அப்பா என்பதால் அது மாறாது. ஓட்டை விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, சேரும்போது படிக்காமல் கையெழுத்திடும் சம்மதப் படிவம். இரண்டு, அவசரத் தொடர்பு. மாணவர் மருத்துவமனையில் படுத்திருந்தால், அந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான் அழைப்பு போகும். பதறிப்போய்ப் பேசும் விடுதிப் பொறுப்பாளர் “அவருடைய காதலர் கூடவே இருக்கிறார், கவலைப்படாதீர்கள்” என்று ஆறுதல் சொல்லிவிடுவார். நல்ல மனதோடு சொன்னதுதான். முதல் தொடர்பாக அதே ஊரில் உள்ள நண்பர், இரண்டாவதாக விஷயம் தெரிந்த அக்காவோ சித்தப்பாவோ, மூன்றாவதாகப் பெற்றோர் என்று கொடுத்து, “பெற்றோரிடம் உடல்நிலை மட்டும் சொல்லவும்” என்ற குறிப்பையும் மாணவர் நலப் பிரிவில் பதிந்து வைக்கலாம்.

கைப்பேசியும் பணமும்

அப்பா பெயரில் உள்ள குடும்பத் தொலைபேசித் திட்டத்தில் பிள்ளையின் எண் இருந்தால், அந்த எண்ணின் உரிமையாளர் அப்பாதான். மாற்று சிம் எடுக்க அவரால் முடியும். வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றின் ரகசியக் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. பயணத்துக்கு முன்பே சொந்தப் பெயரில் ஒரு எண் வாங்கி எல்லாக் கணக்கையும் அதற்கு மாற்றுவது நல்லது. ஆப்பிள் குடும்பப் பகிர்வு, கூகுள் படங்களின் பகிர்வு ஆல்பம், இருப்பிடப் பகிர்வு ஆகிய மூன்றையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இருப்பிடத்தைத் திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வரும். புறப்படுவதற்கு முன்பே “அங்கே வேறு சிம், இதெல்லாம் ஓடாது” என்று சொல்லி நிறுத்திவிட்டால் பேச்சே எழாது. இன்னொன்று: எல்ஜிபிடி மாணவர் சங்கத்தில் உறுப்பினராவது வெளியே தெரியாது. நிர்வாகக் குழுவில் சேர்ந்தால் படமும் பெயரும் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏறும், கூகுளில் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்கும்.

பணத்தில் கவனிக்க வேண்டியது கூட்டுக் கணக்கு. செலவு செய்த இடத்தின் பெயர் அறிக்கையில் அப்படியே வரும். கூட்டுக் கணக்கிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை அங்குள்ள சொந்தக் கணக்குக்கு மொத்தமாக மாற்றிவிட்டு, செலவெல்லாம் அதிலிருந்து செய்தால் அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்.

வீட்டில் தெரிந்து பணத்தை நிறுத்திவிட்டால்? இது நடக்கிறது. மூன்று மாத வாடகைக்கும் ஒரு விமான டிக்கெட்டுக்கும் உள்ள தொகை மாணவரின் தனிக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். உதவ நினைக்கிற அத்தைக்கும் சித்திக்கும் இதைவிட நல்ல அன்பளிப்பு கிடையாது. வேலை செய்து சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் வரம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கல்விக் கட்டணத்துக்கு அது காணாது. கட்டணத் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே அனைத்துலக மாணவர் ஆலோசகரிடம் போக வேண்டும். தவறிய பிறகு போனால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கி உள்துறைக்குத் தெரிவித்துவிடும். பிரிட்டனில் அதன்பின் விசா வழக்கமாக 60 நாளாகச் சுருங்கும். முன்கூட்டியே போனால் தவணை நீட்டிப்பு, அவசர நிதி, ஓராண்டு இடைநிறுத்தம் என்று பேச இடம் இருக்கும்.

மருந்து

பிரிட்டனில் மாணவர் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியாகிவிடும். அதன்பின் மருத்துவரிடம் பதிந்துகொள்வது இலவசம். எச்ஐவி வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை இங்கிலாந்தின் பாலியல் நல கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கும், 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஆஸ்திரேலியாவில் மாணவர் காப்புறுதி கட்டாயம். முன்பே இருந்த நோய்க்கு 12 மாதம், மனநலச் சிக்கலுக்கு 2 மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காப்புறுதியை முகவர் வாங்கிக் கொடுத்திருந்தால், கோரிக்கை அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று பாருங்கள்.

விடுமுறைக்கு வரும்போது மருந்து கொண்டுவரும் விதி: சொந்தத் தேவைக்கு, ஒரு மாத அளவு, மருத்துவர் சீட்டோடு. இங்கேதான் பெயர்ச் சிக்கல் மறுபடி தலைகாட்டும். மருந்துப் பெட்டியில் அழைக்கும் பெயரும் கடப்பிதழில் வேறு பெயரும் இருந்தால் சுங்கத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பயணத்துக்குரிய சீட்டை மட்டும் கடப்பிதழ்ப் பெயரில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பிரிட்டனில் கோடை விடுமுறை மூன்று மாதம், மருந்து ஒரு மாதத்துக்குத்தான். திருநம்பி மாணவர்களில் 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்ட நாள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி எடுப்பவர்கள், மருத்துவரிடம் பேசி அடுத்த ஊசியைப் புறப்படுவதற்குச் சற்று முன்பு வைத்துக்கொண்டால், பெட்டியில் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. ஜெல் பூசுகிறவர்கள் இப்படித் தப்பிக்க முடியாது. நான்கைந்து மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் திட்டம் கேட்க வேண்டும்.

கே.எல்.லிலோ பினாங்கிலோ இருக்கும்போது எச்ஐவி தொற்று ஏற்பட்டிருக்குமோ என்ற பயம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் பெப் மருந்தைத் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குடும்ப கிளினிக்குக்குப் போக வேண்டாம். அங்கே பதிவு மேசையில் இருப்பவர் அம்மாவின் சிநேகிதியாக இருப்பார். சௌக்கிட் பகுதியில் உள்ள பிடி அறநிறுவனம் 1980களின் கடைசியிலிருந்து எச்ஐவி பணி செய்கிறது. எங்கே போவது என்று அவர்களிடம் கேட்கலாம். செலவை அப்பாவின் காப்புறுதி அட்டையில் போடக்கூடாது, அறிக்கை அவர் பெயருக்குத்தான் வரும்.

விடுமுறை

வீடு திரும்பும் முன் அண்ணனோ அக்காவோ நண்பரோ செய்து வைக்க வேண்டியவை சில. கடப்பிதழின் படம், திரும்பும் டிக்கெட்டின் பிரதி, பல்கலைக்கழகத்தின் அவசர எண் மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும். டிக்கெட் மாணவரின் சொந்த மின்னஞ்சலில், தேதி மாற்றக்கூடிய வகையாக இருக்கட்டும். நூறு இருநூறு ரிங்கிட் கூட ஆனாலும் பரவாயில்லை. பிரிட்டன் விசா இப்போது மின்விசா. ஒளித்து வைக்க அட்டை இல்லை என்பது வசதிதான், ஆனால் அந்தக் கணக்கில் நுழையக் குறியீடு கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டால் அதுவும் போச்சு. குறியீடு பெற இன்னொரு வழியை முன்பே சேர்த்துவிடுங்கள்.

கடப்பிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்படியான அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அதற்காகப் பிள்ளை போலீசுக்குப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாய்மாமா ஒருவர் “மச்சான், அது கவர்மெண்டு புத்தகம், நாம வச்சிருக்கக் கூடாது, கொடுத்துருங்க” என்று நிதானமாகச் சொன்னால் வேலை நடக்கும். நம் குடும்பங்களில் தாய்மாமன் பேச்சுக்கு ஒரு எடை உண்டு. கல்யாணச் சீருக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றில்லை.

உறவுக்காரர் கேள்விகளுக்கு விஷயம் தெரிந்தவர் முன்கூட்டியே ஒரு பதிலை ஒத்துக்கொண்டு வைத்திருக்க வேண்டும். “பொண்ணு பாக்கலாமா?” என்று பெரியம்மா கேட்டால், “படிப்பு முடியட்டும் பெரியம்மா, லோன் கட்டணும்” என்ற ஒரே பதிலை எல்லாரும் சொல்ல வேண்டும். அக்கா ஒன்றும் தம்பி ஒன்றும் சொன்னால் பெரியம்மா கண்டுபிடித்துவிடுவார், பெரியம்மாக்களுக்கு அந்தத் திறமை பிறவியிலேயே உண்டு.

வீட்டில் தெரிந்துவிட்டால் சாமியாடியிடமும், “மாற்றித் தருகிறேன்” என்கிற ஆலோசகரிடமும் இழுத்துக்கொண்டு போவது நடக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் தேதியே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சிகிச்சை என்ற பெயரில் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொல்லி 2021 ஜூனில் உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். மலேசியாவில் அப்படி ஒரு தடை இல்லை. ஆகவே பெற்றோரிடம் பேசும்போது மலேசியச் சட்டத்தை விட்டுவிட்டு சென்னைத் தீர்ப்பைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் சொன்னதைவிட அது காதில் ஏறும்.

மனது தாங்காத இரவுகளுக்கு பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் என்ற ஆறுதல் தொலைபேசிச் சேவை, 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அழைத்தால் வழக்கு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிறவர்கள்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சுபாங், சன்வே, செமினி பக்கத்துக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஊரில் குற்றமில்லாதது இங்கே குற்றம். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் பல்கலைக்கழகக் கிளைதானே, அவர்கள் விதி காப்பாற்றும் என்று நினைக்கக்கூடாது. கல்லூரி வாசலுக்கு வெளியே மலேசியச் சட்டம்தான். வந்து சேர்ந்த 7 வேலை நாளுக்குள் மாணவர் அனுமதிக்கான (ஸ்டூடண்ட் பாஸ்) மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதில் எச்ஐவி சோதனையும் அடக்கம், இருப்பதாகத் தெரிந்தால் அந்த அனுமதி கிடைக்காது. ஊரிலேயே பரிசோதித்துக்கொண்டு, கட்டணம் கட்டும் முன் முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சந்திப்புச் செயலிகளில் போலிக் கணக்கு வைத்து மிரட்டிப் பணம் பறிப்பது இங்கே வெளிநாட்டு மாணவரைக் குறிவைக்கும், புகார் கொடுக்க முடியாது என்று மிரட்டுகிறவனுக்குத் தெரியும். முதல் தொகையைக் கொடுத்துவிட்டால் இரண்டாவது நிச்சயம் வரும். கொடுக்காமல், உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கணக்கை முடக்கிவிட்டு, வழக்கறிஞரிடம் பேசிய பிறகே போலீசிடம் போக வேண்டும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

படிப்பு முடிந்த பிறகு அங்கேயே கொஞ்ச நாள் இருக்கலாமா என்பது கடைசி ஆண்டில் எழும் கேள்வி. பிரிட்டனில் பட்டதாரி விசா 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். ஆனால் உபகாரச் சம்பளத்தில் போனவருக்கு, திரும்பி வந்து வேலை செய்யும் ஒப்பந்தம் இருக்கும். அதில் பிணையாளராக அப்பாவோ மாமாவோ கையெழுத்துப் போட்டிருப்பார். பிள்ளை திரும்பாவிட்டால் கடன் அவர் தலையில் விழும், மாதாமாதம் கடிதம் வரும், அதன்பின் எந்த உறவும் மிஞ்சாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மூன்று கேள்வி கேளுங்கள்: மேற்படிப்புக்குப் போனால் ஒப்பந்தக் காலத்தைத் தள்ளிவைக்கலாமா, பகுதி பகுதியாகத் திருப்பிக் கட்ட வழி உண்டா, பிணையாளரை நடுவில் மாற்றலாமா. பதில்களை எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து வையுங்கள். 18 வயதில் அந்தப் பக்கங்களை யாரும் வாசிப்பதில்லை. அந்த மேசையில் கூட உட்கார்ந்து வாசிக்க ஒருவர் வேண்டும்.